அதே இரத்தம், வேறு ஊர்: வன்னியில் ஆறு நாள்

முதலாம் நாள், வவுனியாவிலிருந்து முள்ளியவளை

கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி, விடிய முன்னரே வவுனியாவில் வந்து இறங்கினேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஊர். போன மாசியில் லண்டனில் எனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட், அதாவது அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கிற சின்ன வலைக்குழாய், வைத்தார்கள், அப்போது வயது 48. ஆஸ்பத்திரியில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அப்பா 56இல் நித்திரையிலேயே போனார், அவருடைய அண்ணன் 81 வயதிலும் வயலுக்குப் போகிறார் என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார், நான்தான் அந்தப் பதிலை விட்டு வெளியே வரமுடியாமல் ஒரு வருடம் இருந்தேன். அதே இரத்தம், அதே சோறு. பிறகு ஏன் இப்படி? இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன், ஒவ்வொரு நாளும் இரவில் இங்கே எழுதிப் போடுகிறேன்.

முல்லைத்தீவு பஸ்ஸில் முன் சீட் கிடைத்தது. நான் பதினாறு வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறவன், அதனால் எந்த பஸ்ஸில் ஏறினாலும் கண் டிரைவரிடம்தான் போகும். இன்றைக்கு கண்டக்டரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இருபத்தைந்து வயதுப் பொடியன், விரலிடுக்குகளில் நீளமாக மடித்த தாள் காசு, ஓமந்தையிலிருந்து புளியங்குளம் வரும் வரைக்கும் முன் கதவுக்கும் பின் கதவுக்குமாக எத்தனை தரம் போய் வந்தான் என்று எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். இறங்கி ஒரு அம்மாவின் அரிசிப் பையைத் தூக்கி வைத்தான், ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து ஏறினான். டிரைவர் அண்ணை மாங்குளம் வரைக்கும் அசையவில்லை. அங்கே இறங்கி ஒரு ரோல்ஸ், சீனி அள்ளிப் போட்ட பிளேன்டி, ஒரு சிகரெட், திரும்ப சீட். என்னை நானே பார்ப்பது போல இருந்தது.

ஸ்டென்ட் வைத்த பிறகு வாரம் ஒருநாள் உடற்பயிற்சி வகுப்புக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே ஒரு நர்ஸ் நான் பஸ் டிரைவர் என்று கேள்விப்பட்டதும் ஒரு கதை சொன்னார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டது. இரண்டு தட்டு பஸ், ஒரே சம்பள வட்டம், ஒரே நகரம், ஒரே காற்று. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்குக் கூடுதலாக வந்தது, கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் பிந்தி வந்தது. சேருகிறபோதே டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதாக இருந்ததோ என்று சந்தேகம் வந்து, பிறகு அவர்களுக்குக் கொடுத்த காற்சட்டைகளின் அளவுக் கணக்கைக்கூட எடுத்துப் பார்த்திருக்கிறார். உண்மையிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான், ஆனால் இடுப்பு அளவு ஒன்றாக இருந்தவர்களிடையேகூட கண்டக்டர்தான் தப்பினார். லண்டனில் 2005 முடிவோடு கண்டக்டர்கள் வழக்கமான சேவையிலிருந்து இல்லாமல் போய்விட்டார்கள். எல்லோரும் டிரைவர்தான் இப்போது.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் ஜன்னலால் வெட்டிய வயல் வாசம் வந்தது. காலபோகம் அறுவடை நேரம். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

இரண்டாம் நாள், பெரியப்பா

நாலரைக்கு கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்டு எழும்பினேன். பெரியப்பா தோய்ந்து முடித்து, ஈரத்துண்டை இடுப்பில் இறுக்கி, சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். வயல் இரண்டு மைல். நான் பின்னால் இன்னொரு சைக்கிளில் போனேன். முதல் மைலில் எனக்கு மூச்சு வாங்க, அவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, அவசரப்படாத, நெல்லு எங்கையும் ஓடாது" என்றார்.

அவருடைய காலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கெண்டைத் தசை கயிறு முறுக்கியது போல, பாதம் அகன்று, விரல்கள் விலகி, குதியில் ஆழமான வெடிப்புகள், அதற்குள் களிமண் காய்ந்து வெள்ளையாக. வரம்பில் வெறுங்காலோடு நடக்கிறபோது அந்த விரல்கள் மண்ணைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன. என் கால் சப்பாத்துக்குள் வளர்ந்த கால்.

வயலில் வெட்டு மிசின் வந்து நின்றது. முந்தி அருவி வெட்டு என்றால் இருபது பேர் விடியக் குனிந்து பொழுதுபட நிமிருவார்கள், பிறகு சூடு வைத்து, சூடு மிதித்து, தூற்றி, மூட்டை கட்டி, அது கிழமைக் கணக்கில் போகும். இன்று ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. பெரியப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, 41 வயது, வரம்பில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே போனில் கதைத்துக்கொண்டு மூட்டைக் கணக்குப் பார்த்தான். அவனைக் குறை சொல்லவில்லை. குனிந்து வெட்டின முதுகுகளின் நோவைத் தெரிந்தவன் மிசின் வேண்டாம் என்று சொல்லமாட்டான். ஆனால் அந்த உழைப்பு போன இடத்தில் வேறு எந்த அசைவும் வந்து உட்காரவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு நானூறு யார், அதற்கும் மோட்டார் சைக்கிள்தான்.

காலைச் சாப்பாடு பெரியப்பாவுக்குப் பழஞ்சோறு, தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் கடைப் பாண், பணிஸ், மாஜரீன். மத்தியானம் எல்லோருக்கும் சோறு, மீன் குழம்பு, முருங்கையிலை வறை, தேங்காய்ப்பால் சொதி. சொதியைப் பார்த்து நான் தயங்க பெரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. சரி, சொதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பலபேர் கேட்பார்கள். தேங்காய்க் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பசிபிக் கடலில் டோக்கலாவ் என்று ஒரு தீவுக் கூட்டம். அங்குள்ளவர்கள் உணவுச் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே எடுத்தார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடத்தான் இருந்தது, ஆனாலும் இருதய நோய் அரிது என்று 1981இல் எழுதினார்கள். மீன், தேங்காய், சீனி குறைவு, உடம்பு உழைப்பு. அதே மக்கள் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள், தேங்காய் குறைந்தது, சீனியும் இறைச்சியும் கூடின, உடம்பு பெருத்தது, பிறசர் ஏறியது. என்னுடைய கதை அல்லவா அது? தேங்காயை மட்டும் தூக்கிலிடுவதிலும் அர்த்தமில்லை, தேங்காய் அமிர்தம் என்று வட்ஸ்அப்பில் அனுப்புவதிலும் அர்த்தமில்லை. பெரியப்பாவின் கால்களும் சேர்ந்தால்தான் பெரியம்மாவின் சொதி அந்தச் சொதி. நான் மூன்று கரண்டி விட்டுச் சாப்பிட்டேன்.

இரவு பெரியப்பா புகையிலை சேர்த்து வெத்திலை போட்டார். அது நல்லதில்லை என்றேன். சிரித்தார், துப்பவில்லை.

மூன்றாம் நாள், கிளினிக்

பெரியப்பாவுக்கு பிறசர் பார்த்து எத்தனை வருடம் என்று கேட்டேன், ஒருவருக்கும் நினைவில்லை. அப்பனையும் மகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். இலங்கையில் 35 வயதுக்கு மேலானவர்களுக்கு பிறசர், சீனி, நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிற நிலையங்கள் 2011இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. வாங்கில் இருந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கடைப்பை, அதற்குள் கிளினிக் கொப்பி, அதன் ஓரங்கள் நனைந்து காய்ந்து பழுப்பாகி, நடுவில் ரப்பர் வளையம். ஆண்கள் எங்கே என்று கேட்டேன். "வேலைக்குப் போட்டினம், நெஞ்சு நொந்தால்தான் வருவினம்" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

பெரியப்பாவுக்கு மேல் அளவு 160 தாண்டியிருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. லண்டனிலிருந்து வந்த நான் அவரை ஒரு சாட்சியாக வைத்திருந்தேன், ஊர்ச் சாப்பாடும் உழைப்பும் என்ன செய்யும் பார் என்று. அவர் உடம்புக்குள்ளும் சத்தமில்லாமல் ஒன்று ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 81 வரை இருக்கிறவரைப் பார்த்து ஊரைப் புகழலாம், 56இல் போன அப்பா வந்து எதிர்ச் சாட்சி சொல்லப்போவதில்லை.

தம்பிக்கு 170க்கு 110. சாப்பிடாமல் எடுத்த இரத்தச் சீனி 200க்கு மேல். நாள் ஒன்றுக்குப் பத்து சிகரெட். அவன் முடிவு எழுதிக் கொடுத்த துண்டை நாலாக மடித்து சேர்ட் பையில் வைத்துவிட்டு, "அண்ணை, வெயில் ஏறமுதல் போவமா" என்றான்.

அவன் வயதுதான் எனக்குப் பயம். 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2004இல் வந்தது, கனடாவிலிருந்து சலீம் யூசுப் நடத்தியது. அதில் எங்கள் தெற்காசியப் பகுதியினருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59இல். ஆறு வருட வித்தியாசம். எங்கள் இரத்தத்தில் ஏதோ சாபம் என்றுதான் நான் முதலில் வாசித்தேன். பிறகு பார்த்தால், புகை, கொழுப்பு, பிறசர், சீனி வருத்தம், தொப்பை, மன அழுத்தம், மரக்கறி பழம், குடி, அசைவு ஆகிய ஒன்பதையும் சேர்த்தால் உலகம் முழுக்க முதல் மாரடைப்பின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு அடங்கிவிடுகிறது. எங்களுக்கு இவற்றின் கேடு இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாவட்ட வாரியாக இருதய மரணக் கணக்கைப் பார்த்துவிட்டு, இந்த மாவட்டத்தில் குறைவு, அப்போ அங்கே வாழ்க்கை நல்லது என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. எங்கள் நாட்டில் மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். முல்லைத்தீவில் நெஞ்சு நொந்து, அம்புலன்சில் யாழ்ப்பாணம் போய் அங்கே உயிர் போனால் அது யாழ்ப்பாணக் கணக்கு. வீட்டில் போனால் சொந்தக்காரர் சொல்வதுதான் பெரும்பாலும் காரணமாக எழுதப்படும். அப்பாவுக்கு மாரடைப்பு என்று எழுதியிருக்கிறது, அதைச் சொன்னது நான்தான், இருபதுகளின் கடைசியில், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். இளம் ஆட்கள் கூடிய ஊரையும் கிழவர் கூடிய ஊரையும் வயதைச் சரிப்படுத்தாமல் ஒப்பிட்டாலும் இதே பிழைதான் வரும்.

நாலாம் நாள், ஒரு பெரிய சுற்று

தம்பியோடு புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் என்று போய் கிளிநொச்சியில் சாப்பிட்டோம். நகரம் வளர்ந்திருக்கிறது. பேக்கரி, கொத்து ரொட்டி, சோடா, பெரிய எழுத்தில் பிரைட் ரைஸ். இரணைமடுக் குளக்கட்டில் மாலை நடந்தேன், வடக்கின் மிகப் பெரிய குளம், கட்டு நீளத்துக்கு நடந்தால் எனக்குச் சொன்ன நாற்பது நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். என்னோடு நடந்தவர்கள் நாலைந்து பேர், எல்லோரும் ஏற்கனவே வருத்தம் வந்தவர்கள்.

இந்த ரோட்டில் பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் சைக்கிளில் விறகு கட்டியிருக்கிறேன். பெட்ரோல் இல்லை, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள், ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி. நோர்வேயை ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த காலத்தில் வெண்ணெய், இறைச்சி, முட்டை எல்லாம் தட்டுப்பாடாகி, 1941க்குப் பிறகு அங்கே இருதய, இரத்தக்குழாய் நோயால் வரும் மரணம் குறைந்ததாகவும், போர் முடிந்ததும் திரும்ப ஏறியதாகவும் 1951இல் எழுதியிருக்கிறார்கள். அதை வாசித்தபோது எங்கள் தடைக்காலம்தான் நினைவில் வந்தது. ஆனால் அதை அப்படியே எங்கள் ஊருக்குப் பொருத்த என்னால் முடியாது. பசியை மருந்து என்று சொல்ல என் வாய் வராது, பனடோல்கூட கிடைக்காமல் பிள்ளைகள் கிடந்ததைக் கண்டவன் நான். ஒரு சமூகம் முழுக்க என்ன தின்கிறது, எப்படி நகர்கிறது என்பது மாறினால் மரணக் கணக்கு சில வருடங்களிலேயே மாறுகிறது, அந்த அளவுக்கு அது வளையக்கூடியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மணலில் வறுத்த கச்சான் வாங்கினோம். இன்னமும் அதே சூடு, கோதுக்குள் மணல் ஒட்டியபடி. பஸ் நின்றால் வாங்குகிற பொரித்த மிக்சரைவிட இது எவ்வளவோ மேல். மாங்குளத்தால் திரும்பி, இருட்டும்போது ஒட்டுசுட்டானில் மாமி வீடு.

மாமா போய் இரண்டு வருடம். நான் வரமுடியவில்லை. மாமி முற்றத்தில் இருந்து சொன்னார். இரவு இரண்டு மணிக்கு எழும்பி இருந்தாராம், நெஞ்சை அடைக்குது, தோள்மூட்டு உளையுது, வேர்த்து சாரம் நனைந்துவிட்டது. "வாய்வுதான், விடிஞ்சால் போயிடும் எண்டார். ஓமத்தண்ணி வைச்சுக் குடுத்தன். ரெண்டு ஏவறை விட்டார், எனக்கும் நிம்மதியாப் போச்சு." நாலரைக்கு ஓட்டோ பிடித்திருக்கிறார்கள். வழியில் முடிந்துவிட்டது.

வாய்வு. வன்னியில் மட்டுமா, லண்டனில் நானும் அதைத்தான் சொன்னேன், ஷிப்டில் சாப்பிட்டது சரியில்லை என்று. என் மனைவி கேட்கவில்லை, போனை எடுத்தாள், பதினொரு நிமிடத்தில் வாசலில் அம்புலன்ஸ். அடைத்த குழாயைத் திறக்க இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. 1986இல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளில் அதைப் பார்த்தபோது, நோவு தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற்றியவர்களில் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, மணித்தியாலங்கள் போகப்போக அந்தப் பலனும் தேய்ந்துகொண்டே போனது. கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை உள்ளே விட்டு ஸ்டென்ட் வைக்கிற வசதி யாழ்ப்பாணத்தில், முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இங்கே இருக்கிறவனுக்கு அந்த முதல் ஊசியும், அதற்கு முன்னால் அவன் வாய்வு என்று சொல்லிக் கழிக்கிற நேரமும்தான் உயிர். நானும் மாமாவும் ஒரே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். எங்களுக்கு நடுவில் இருந்தது இரண்டரை மணித்தியாலம்.

1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவை 2018இலிருந்து வடக்கிலும் இருக்கிறது. மாமி அந்த நேரம் அந்த இலக்கத்தை அறிந்திருக்கவில்லை. இப்போது சுவிச்சுக்குப் பக்கத்தில் கரியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார், ஒன்பதுகளின் வால் சுவரில் நீண்டு கிடக்கிறது.

ஐந்தாம் நாள், கடல்

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் மலிவு, மனம் நிறைய வாங்கினோம். பிறகு வட்டுவாகல் பாலத்தால் போய் முள்ளிவாய்க்காலில் கொஞ்ச நேரம் இருந்தோம். அங்கே ஒரு அக்கா கதைத்தார். இரண்டு பிள்ளைகளை 2009இல் இழந்தவர். நெஞ்சு படபடப்பு, ஈசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்களாம். நான் சொன்ன அந்த 52 நாட்டு ஆய்வில், நிரந்தரமான மன அழுத்தத்தில் வாழ்ந்தேன் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. வன்னியில் வாழ்க்கை முறை என்று பேச வருகிறவர்கள் எண்ணெயையும் உப்பையும் மட்டும் பேசிவிட்டுப் போகக்கூடாது. இதற்குமேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஆறாம் நாள், புறப்பாடு

காலை பெரியப்பா வீட்டுத் திண்ணையில் தம்பிக்கும் அவனுடைய மனைவிக்கும் பின்லாந்துக் கதை சொன்னேன். கிழக்குப் பின்லாந்தில் வட கரேலியா, மரம் வெட்டுகிற, மாடு வளர்க்கிற ஊர், நல்ல உழைப்பாளிகள், ஆனாலும் உலகத்திலேயே மிக அதிகமாக ஆண்கள் மாரடைப்பில் செத்த இடங்களில் ஒன்று. வெண்ணெய், உப்பு, சிகரெட். உழைப்பு மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1971இல் அந்த ஊர்க்காரரே அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள், 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குள் இருந்து செய்யவில்லை. பெண்கள் சங்கங்களில் கறிச்சட்டியை மாற்றினார்கள், பேக்கரிக்காரரிடமும் தொத்திறைச்சி செய்கிறவரிடமும் போய் உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள். சில பத்தாண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்தது.

தம்பியின் மனைவி மாதர் சங்கத்தில் செயலாளர். "அண்ணா, கருவாட்டையும் ஊறுகாயையும் ஒரே நாளில வைக்காம விடலாம். பள்ளிக்கூடக் கன்டீனில பணிசுக்குப் பதிலா கௌப்பி, கடலை அவிச்சுக் குடுக்கலாம், ரெண்டும் இஞ்சயே விளையுது" என்று அவரே சொல்லத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம், அதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை என்றேன். உள்ளே போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்து, நாலு பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறார் என்று தேக்கரண்டியால் அளந்து ஒரு தட்டில் கொட்டினார். ஒன்பது கரண்டி வந்தது, கருவாட்டில் இருப்பதைச் சேர்க்காமலே. எல்லோரும் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பெரியப்பா விரலால் ஒரு பக்கத்தைப் பிரித்து, "இது போதுமே" என்று கேட்டார்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸடிக்கு என்னை ஏற்றிப் போக மோட்டார் சைக்கிளைத் திருப்பியவன், நிறுத்திவிட்டு, நடந்தே போவோம் என்றான். பையை அவன் தூக்கினான். ரோட்டுக்கு வந்ததும் சேர்ட் பையிலிருந்து அந்த மடித்த துண்டை எடுத்து, கிளினிக் எந்தக் கிழமை போட்டிருக்கிறது என்று என்னிடம் காட்டிக் கேட்டான். வியாழக்கிழமை. வியாழன் இரவு லண்டனிலிருந்து எடுத்துக் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.